மின்னஞ்சலிலும் நாணயம் காப்போம்

வியாபாரிக்கு முதல் இரண்டு. ஒன்று கையில் உள்ள பணம். மற்றொன்று சந்தையில் உள்ள நாணயம். பணம் குறைந்தவர் நாணயத்தை வைத்துச் சரக்கு எடுத்துவிடலாம். நாணயம் போனவருக்கு ரொக்கம் கொடுத்தாலும் நல்ல சரக்கைக் காட்ட ஆள் இல்லை. ஒருவருடைய செக் இரண்டு முறை திரும்பிவிட்டால் அந்தச் செய்தி மறுநாள் காலைக்குள் மண்டி முழுவதும் பரவிவிடும். யாரும் நோட்டீஸ் ஒட்டுவதில்லை. ஆனாலும் கடன் கதவு அடைபட்டுவிடுகிறது. இது நாம் அனைவரும் கண்கூடாகக் கண்ட விஷயம்.

இதே முறை மின்னஞ்சல் உலகிலும் நடந்து வருகிறது என்பதை நம்மில் பலர் இன்னும் கவனிக்கவில்லை. உள்ளூர்க் கடைக்காரருக்கு விலை சொல்ல வாட்ஸ்அப் போதும் என்பது உண்மைதான். ஆனால் ஓட்டல் நிர்வாகம், கல்லூரி விடுதி, மருத்துவமனை கேன்டீன், வெளிமாநில மில், ஏற்றுமதியாளர், வங்கி ஆகியோரிடம் கொட்டேஷனும் பில்லும் பாக்கி நினைவூட்டலும் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே போகின்றன. அந்த வழி அடைபட்டால் நஷ்டம் யாருக்கு?

விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக் கொள்வோம். "மளிகைக் கடைக்காரர்கள் 50,000 பேரின் மின்னஞ்சல் முகவரி இருக்கிறது, சில ஆயிரம் ரூபாய்தான்" என்று ஒருவர் வந்து ஆசை காட்டுகிறார். இவரும் வாங்கி, தம்முடைய விலைப் பட்டியலை 50,000 பேருக்கும் ஒரே நாளில் அனுப்பி வைக்கிறார். பத்து நாள் கழித்து, நெடுங்கால வாடிக்கையான ஓர் ஓட்டலுக்குப் போன் செய்கிறார். "கொட்டேஷன் வரவில்லையே, வேறு இடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டோம்" என்று பதில் வருகிறது. இவர் அனுப்பியதும் உண்மை. அவர்கள் பார்க்காததும் உண்மை. இடையில் இவருடைய பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அது அவருக்கே தெரியாது.

இந்தக் கறுப்புப் பட்டியல் எப்படி வந்தது? 1978 மே 3 அன்று அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைச் சேர்ந்த கேரி துவெர்க் என்பவர், தம் கம்பெனியின் புதிய கம்ப்யூட்டரை விளம்பரப்படுத்தச் சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். கேட்காமல் வந்த முதல் விளம்பர மின்னஞ்சல் அதுதான் என்பார்கள். இன்டர்நெட் பரவப் பரவ அந்தத் தொல்லையும் வளர்ந்தது. 1997-ல் பால் விக்ஸி என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிபுணர், தொல்லை தரும் கம்ப்யூட்டர்களின் எண்களைத் தொகுத்துப் பட்டியலாக வெளியிடும் முயற்சியில் முன்னின்றார். 1998-ல் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்ட் என்பவர் ஸ்பேம்ஹாஸ் அமைப்பைத் தொடங்கினார். இன்று உலகில் அதிகம் பேர் கலந்து பார்க்கும் பட்டியல்களில் அதுவும் ஒன்று.

இது வேலை செய்யும் விதம் எளிது. மின்னஞ்சல் அனுப்பும் ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் உண்டு. அதை ஐ.பி. எண் என்பார்கள். கடிதம் வந்து சேரும் இடத்தில் உள்ள சர்வர், கதவைத் திறப்பதற்கு முன் பட்டியல்காரரிடம் "இந்த எண் உங்கள் பட்டியலில் உண்டா?" என்று கேட்கிறது. நொடிப்பொழுதில் பதில் வந்துவிடும். "உண்டு" என்றால் கடிதம் திருப்பப்படும் அல்லது ஸ்பேம் பகுதிக்குள் தள்ளப்படும். ஐ.பி. எண்ணைப் போலவே நம் கம்பெனி பெயரில் வாங்கிய டொமைனும் பட்டியலில் ஏறுவது உண்டு. அப்படி ஏறிவிட்டால் சர்வரை மாற்றியும் பயனில்லை. பெயர் கெட்டவர் வேறு தெருவில் கடை போட்டாலும் பெயர்ப் பலகை அதேதானே!

இது போக, ஜிமெயில், யாகூ, அவுட்லுக் போன்ற பெரிய நிறுவனங்கள் தமக்கென்று தனிக் கணக்கும் வைத்திருக்கின்றன. நம் கடிதத்தை எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் "இது ஸ்பேம்" என்று பொத்தானை அழுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. ஸ்பேம் என்று குறிப்பவர்களின் அளவு 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்பது கூகுள் சொல்லும் கணக்கு. அதாவது ஆயிரம் கடிதத்துக்கு மூன்று பேர் முகம் சுளித்தாலே ஆபத்து. கடையில் ஆயிரம் வாடிக்கையாளருக்கு மூன்று பேர் குறை சொன்னால் நாம் பெரிதாக எடுத்துக் கொள்ள மாட்டோம். மின்னஞ்சலில் அந்த மூன்று பேர் மற்ற 997 பேருக்கும் போகும் வழியை அடைத்துவிட முடியும்.

விலைக்கு வாங்கும் முகவரிகளில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பட்டியல்காரர்கள் யாருக்கும் சொந்தமில்லாத முகவரிகளை ஆங்காங்கே போட்டு வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கைவிடப்பட்ட பழைய முகவரிகளும் இதற்குப் பயன்படுகின்றன. அந்த முகவரியிலிருந்து யாரும் விலை கேட்டிருக்க முடியாது. ஆகவே அதற்குக் கடிதம் அனுப்பியவர் முகவரியை வேறெங்கோ அள்ளிக்கொண்டு வந்தவர் என்று தெரிந்துவிடுகிறது. கடையை மூடிப் பத்து ஆண்டுகள் ஆனவரின் விசிட்டிங் கார்டைப் பார்த்து அனுப்பினாலும் இதே வம்பு வரலாம்.

"எங்கேயோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் தனியார் ஒருவர் நம் பெயரைக் கெடுக்க யார் அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பட்டியலில் சேர்க்கும் முன் விளக்கம் கேட்பதில்லை. குறைந்த வாடகைக்கு இடம் பிடிக்கும் நம்மைப் போன்றவர்களின் மின்னஞ்சல், வேறு பலருடைய மின்னஞ்சலோடு ஒரே சர்வரிலிருந்து போகிறது. அவர்களில் ஒருவர் செய்த தவறுக்கு மற்றவர்களும் தண்டனை அனுபவிக்க நேர்கிறது. இது சிறு வணிகருக்கு இழைக்கப்படும் அநீதிதான். வாடகை வாங்கும் கம்பெனிகள் தங்கள் ஐ.பி. எண்களைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், பட்டியலில் ஏறினால் உடனே நமக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்தத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. பட்டியல்காரர் யாருடைய கதவையும் அடைப்பதில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்து, யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்பவர் கடிதத்தைப் பெறுபவர். நம் கடை வாசலில் யார் நின்று கூவலாம் என்று முடிவு செய்யும் உரிமை நமக்கு உண்டென்றால், அந்த உரிமை அவருக்கும் உண்டு.

இனி, நாம் செய்ய வேண்டியது என்ன? நம் கருத்தில் முக்கியமானவை இவை:

1. கேட்டவருக்கு மட்டும் அனுப்புவோம். பில் போடும்போதே "வாராவாரம் விலைப் பட்டியல் அனுப்பலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, தேதியுடன் குறித்துக்கொள்வோம். இப்படிச் சேர்த்த 300 முகவரி, வாங்கிய 50,000 முகவரியை விட மேல்.

2. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் "இனி அனுப்ப வேண்டாம்" என்று தெரிவிக்க வழி வைப்போம். வேண்டாம் என்றவரை உடனே நீக்குவோம். திரும்பி வரும் முகவரிகளையும் அன்றன்றே அடித்துவிடுவோம்.

3. நேற்று வரை நாளுக்கு 20 கடிதம் அனுப்பியவர் இன்று 5,000 அனுப்பினால் எந்தச் சர்வருக்கும் சந்தேகம் வரும். படிப்படியாகவே கூட்ட வேண்டும். இலவச ஜிமெயில் கணக்கில் நாளுக்கு 500 பேர் என்ற வரம்பு இருப்பதையும் நினைவில் கொள்க.

4. சொந்த டொமைன் உள்ளவர்கள் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்ற மூன்று ஏற்பாடுகளும் செய்யப்பட்டுள்ளனவா என்று கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள். நம் பெயரில் அனுப்ப உரிமையுள்ள சர்வர் எது என்று அறிவிப்பது முதலாவது. கடிதத்தில் முத்திரை வைப்பது போன்றது இரண்டாவது. இரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்வது மூன்றாவது. 2024 பிப்ரவரி முதல், மொத்தமாகக் கடிதம் அனுப்புவோருக்குக் கூகுளும் யாகூவும் இவற்றைக் கட்டாயமாக்கின. 2025 மே மாதம் முதல் மைக்ரோசாஃப்டும் அவ்வாறே செய்தது. குறைவாக அனுப்பும் நமக்கும் இதனால் நன்மை உண்டு. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தக் கணக்கில் பணம் போடவும்" என்று நம் முகவரியையே போட்டு மோசடிக்காரன் எழுதும் போலிக் கடிதத்தைத் தடுக்க இந்த ஏற்பாடு பெரிதும் உதவுகிறது.

5. பெயர் ஏறிவிட்டால் பதற வேண்டாம். முதலில் மொத்தமாக அனுப்புவதை நிறுத்துங்கள். பாஸ்வேர்டு திருட்டா, கம்ப்யூட்டரில் வைரஸா, வாங்கிய முகவரிகளா என்று காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்யுங்கள். அதன் பிறகே பெயரை நீக்கக் கோருங்கள். காரணம் அப்படியே இருந்தால் மறுபடியும் ஏறும். ஸ்பேம்ஹாஸ் பெயரை நீக்கப் பணம் வாங்குவதில்லை. ஆகவே "பணம் கொடுங்கள், ஸ்பேம்ஹாஸ் பட்டியலிலிருந்து எடுத்துத் தருகிறோம்" என்று வரும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சட்டமும் இந்தத் திசையில்தான் போகிறது. விளம்பர எஸ்.எம்.எஸ். அனுப்புவோர் தங்கள் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பது டிராய் 2018-ல் கொண்டுவந்த விதி. வேண்டாத மின்னஞ்சலுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் தனிநபர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் வைத்துக் கையாள்வதற்குச் சம்மதம் வேண்டும், கொடுத்த சம்மதத்தை எளிதில் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது.

இறுதியாக, நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் முகவரிப் புத்தகம் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்கிறது. ஆண்டு விழா மலருக்கு விளம்பரம் தருகிறோம், மாநாட்டுக்கு நன்கொடை தருகிறோம் என்று சொல்லி அதைக் கேட்டு வருபவர்கள் உண்டு. முகத்தை முறிக்க மனமில்லாமல் கொடுத்துவிட்டால், அது கைமாறிக் கைமாறி விற்பனைச் சரக்காகிவிடும். உறுப்பினர்கள் நம்பிக் கொடுத்த முகவரி அது. சங்க வேலைக்கு அன்றி வேறெதற்கும், எவருக்கும், எந்த விலைக்கும் அதைத் தருவதில்லை என்று ஒவ்வொரு சங்கமும் அடுத்த செயற்குழுவிலேயே தீர்மானம் போட வேண்டும்.

வாங்குவோர் இருப்பதால்தான் விற்போரும் இருக்கிறார்கள். முகவரி வாங்குவதை நாம் நிறுத்திவிட்டால் நம் முகவரியை விற்பதும் தானே குறையும். கணக்கில் காட்டும் ஒழுங்கை, எடையில் காட்டும் நேர்மையைக் கம்ப்யூட்டர் முன் அமரும்போதும் கடைப்பிடிப்போம். நம் கடிதத்துக்கும் கதவு திறந்திருக்கும்.