ஆட்களை அப்புறப்படுத்தினால் தனித்தொகுதி எங்கே நிற்கும்?

சென்னை மாநகரில் 16 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. அவற்றில் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள் இரண்டுதான்: எழும்பூர், திரு.வி.க. நகர். சென்னைத் தொகுதியைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் ஏன் யோசிக்க வேண்டும் என்று கேட்கலாம். எழும்பூரின் சேரிகளிலும் குடிசை மாற்றுக் குடியிருப்புகளிலும் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கப் போனவர்கள். அவர்கள் நம் உறவுகள். அங்கே அவர்களுடைய அரசியல் பலத்துக்கு நேர்வது, நாளை நம் தொகுதிக்கும் நேரலாம்.

எழும்பூர் தொடக்கத்தில் பொதுத்தொகுதி. 1957இல் க. அன்பழகனும், 1962இல் காங்கிரசின் ஜோதி வெங்கடாசலமும் அங்கிருந்து வென்றார்கள். 1977 தேர்தலின்போது அது தனித்தொகுதியாகிவிட்டது. 1980இல் அங்கே காங்கிரஸ் சார்பில் வென்றவர் எல். இளையபெருமாள். காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் பிறந்து, மூன்று முறை மக்களவை உறுப்பினராக இருந்தவர். தீண்டாமை குறித்து ஆராய மத்திய அரசு 1965இல் அமைத்த குழுவின் தலைவர் அவரே. 1969இல் அவர் கொடுத்த அறிக்கை, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்துக்கு அடித்தளமாக இருந்தது. ஒரு கிராமத்துத் தலித் தலைவரைத் தலைநகரின் நடுவிலிருந்து சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது.

அடுத்து நீண்ட காலம் எழும்பூர் என்றால் பரிதி இளம்வழுதி. 1989, 1991, 1996, 2001, 2006 என்று தொடர்ந்து ஐந்து முறை திமுக சார்பில் வென்றார். 1991இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் வீசிய அலையில் திமுகவுக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள்: துறைமுகமும் எழும்பூரும். துறைமுகத்தில் வென்ற கருணாநிதி பதவி விலகிவிட, சட்டமன்றத்தில் அக்கட்சியின் ஒற்றைக் குரலாகச் சில காலம் நின்றவர் இந்தத் தனித்தொகுதியின் உறுப்பினர்தான். பின்னர் துணை சபாநாயகராகவும் அமைச்சராகவும் ஆனார். 2001இல் அவரை எதிர்த்து நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஜான் பாண்டியன் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 2011இல் பரிதியே தேமுதிகவின் நல்லதம்பியிடம் 202 வாக்குகளில் தோற்றார். 2016இல் கே.எஸ். ரவிச்சந்திரன் தொகுதியைத் திமுகவுக்கு மீட்டார்; 2021இல் பரந்தாமன் அதைத் தக்கவைத்தார்.

இருநூறு வாக்கில் முடிவு மாறுகிற தொகுதி என்றால் ஒரு தெருவின் வாக்குக்கே மதிப்பு உண்டு. வேப்பேரி, சூளை, புரசைவாக்கம், பெரியமேடு, புளியந்தோப்பு என்று விரியும் இந்த வட்டாரத்தில் வணிகச் சமூகத்தவர், இஸ்லாமியர், கிறிஸ்தவர், அரசு ஊழியர் எனப் பலரும் வாழ்கிறார்கள். தலித் மக்கள் இங்கே பெரும்பான்மை அல்ல. 1932 பூனா ஒப்பந்தத்தின் வழிவந்த நம் முறையில், தனித்தொகுதியின் உறுப்பினரையும் எல்லாச் சாதியினரும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே வேட்பாளர் தலித்தாக இருப்பது மட்டும் போதாது. அவரிடம் கேள்வி கேட்கும் தலித் வாக்காளர்கள் திரளாக அங்கே குடியிருக்க வேண்டும்.

அந்தத் திரள்தான் இன்று கலைக்கப்படுகிறது.

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவதுதான் முதன்மையான நோக்கமாக இருந்தது. 2000க்குப் பிறகு போக்கு மாறியது. சென்னையின் நடுப்பகுதியிலும் கூவம், அடையாறு கரைகளிலும் இருந்த குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு ஓரத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேல் வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேகம் கூடியது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களையும் 2019இல் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரம்பூரிலிருந்து சட்டமன்றம் சென்று அமைச்சரான தலித் தலைவியின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு அது.

வேலை போனது, பிள்ளைகளின் படிப்பு நின்றது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். வாக்கு என்ன ஆனது என்று கேட்டவர்கள் குறைவு. எழும்பூரில் 2021இல் இரண்டு லட்சத்துக்கும் குறைவான வாக்காளர்களே இருந்தனர். கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் சேர்ந்திருப்பது சோழிங்கநல்லூர் பொதுத்தொகுதியில். அங்கே வாக்காளர்கள் ஏழு லட்சத்தை நெருங்கினர். இரண்டு லட்சத்தில் கணக்கில் வந்த ஒரு சேரியின் வாக்கு, ஏழு லட்சத்தில் கரைந்துவிடுகிறது. இடம் மாறியவர்களில் பலருக்குப் பழைய பட்டியலில் பெயர் நீங்கி, புதிய பட்டியலில் ஏறாமலே போகிறது. 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் சென்னையில் பல லட்சம் பெயர்கள் இல்லாமல் போனதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டதே இடமாற்றம்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து அடுத்த தொகுதி மறுவரையறையில் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் எத்தனை தனித்தொகுதிகள் என்பதை அங்குள்ள பட்டியல் சாதி மக்கள்தொகையின் விகிதம் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் 2001 கணக்கெடுப்பின்படி அது 19 விழுக்காடு. அதனால் 234இல் 44 இடங்கள் கிடைத்தன. 2011 கணக்கெடுப்பில் 20 விழுக்காடு. மொத்த இடங்கள் மாறாவிட்டாலும்கூட இந்தக் கணக்கில் நமக்கு 46 அல்லது 47 இடங்கள் வர வேண்டும். ஆனால் அந்த இடங்கள் எங்கே அமையும்? மாநிலத்தின் பல பகுதிகளுக்கும் பரவலாகவும், பட்டியல் சாதியினர் விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமாக உள்ள இடங்களிலும் அமைய வேண்டும் என்கிறது மறுவரையறைச் சட்டம். நகரின் நடுவில் விகிதம் குறைந்தால் எழும்பூர் தனித்தொகுதியாக நீடிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2008 மறுவரையறையில் பெரம்பூர் பொதுத்தொகுதியானதை நாம் பார்த்திருக்கிறோம். மக்களைக் கொண்டுபோன சோழிங்கநல்லூரிலோ, ஐ.டி. நிறுவனங்களைச் சுற்றி எழுந்த அடுக்குமாடிகளின் நடுவே அவர்களுடைய விகிதம் எடுபடாது. இரண்டு பக்கமும் இழப்பு.

ஆற்றங்கரையில் வெள்ளத்தில் தவிப்பதைவிடக் கான்கிரீட் வீடு நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல வீடு வேண்டும் என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அது எங்கே என்பதுதான் கேள்வி. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் அடுக்குமாடிக் குடியிருப்பு நகரின் உள்ளேயே கட்டப்பட்டது. கைவைத்தால் பூச்சு உதிர்கிறது என்று 2021இல் புகார் எழுந்தவுடன், தொகுதி உறுப்பினர் பரந்தாமன் அதைச் சட்டமன்றத்தில் எழுப்பினார். ஐ.ஐ.டி. வல்லுநர்கள் வந்து ஆய்வு செய்தார்கள். குடியிருப்பவர்கள் தொகுதிக்குள் இருந்ததால், அவர்கள் வீட்டுச் சுவரின் குறை சட்டமன்றம் வரை போனது.

இதே புளியந்தோப்பில் 1921இல் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அவர்களை நகரத்தைவிட்டே வெளியேற்றிவிடலாம் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. அன்று சட்டமன்றத்தில் நமக்காகப் பேச நியமன உறுப்பினராக எம்.சி. ராஜா இருந்தார். நம் மக்களுக்கு இன்று எல்லோருக்கும் வாக்கு இருக்கிறது. நூறாண்டுக்கு முன் பேச்சாக இருந்ததை நலத்திட்டத்தின் பெயரில் நடத்த அனுமதிக்க முடியாது.

அரசிடம் நாம் கேட்பது இரண்டு. மறுகுடியமர்த்தல் தவிர்க்கவே முடியாதது என்றால் அதே தொகுதிக்குள் வீடு கொடுங்கள். வீட்டுச் சாவி கொடுக்கும் நாளிலேயே வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றமும் செய்து முடியுங்கள்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் 18 வயது நிறைந்ததும் படிவம் 6 கொடுத்துப் பெயர் சேர்க்க வேண்டும். ஊர் மாறிய உறவினருக்குப் படிவம் 8 நிரப்பிக் கொடுக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது சாதிப் பெயரைக் கூச்சமில்லாமல், சான்றிதழில் உள்ளபடி சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். 1950 குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். கணக்கில் வர வேண்டியவர்களும் விடுபட்டால் இழப்பு இரட்டிப்பாகும்.

தனித்தொகுதி யாரோ கொடுத்த சலுகை அல்ல. நாம் இத்தனை பேர் இங்கே வாழ்கிறோம் என்பதால் கிடைத்த உரிமை. எழும்பூரிலும் சரி, நம் ஊரிலும் சரி, அந்த எண்ணிக்கையைக் குறையாமல் காப்பதே இப்போது முதல் வேலை.