பொருளறிந்து கையொப்பமிடுவோம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் பணிபுரியும் நம் பிள்ளைகள் ‘டாரிஃப்’ என்னும் சொல்லை நாள்தோறும் கேட்கின்றனர். அறிவித்தல் எனப் பொருள்படும் ‘தஃரீஃப்’ என்ற அரபுச் சொல்லே அதன் வேர். ஆங்கிலத்தின் ‘கட்டமரான்’ நம் கட்டுமரம். ‘சாங்க்’ நம் முத்துக்குளித்துறையின் சங்கு. ஆகவே அம்மொழி நமக்கு முற்றிலும் அந்நியமன்று. ஆயினும், சொற்களை எழுத்துக்கூட்டி மனனம் செய்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். ‘டெமரேஜ்’ என்பது குறித்த நாளுக்குள் சரக்கை எடுக்காததற்கான தாமதக் கட்டணம் என்றறியாமல் கையொப்பமிடுபவர் பணத்தை இழக்கிறார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் (2:282) பணிக்கிறது. எழுதியது விளங்காவிடில் அவ்வெழுத்து நம்மை எவ்வாறு காக்கும்? மஃரிபுக்குப் பின் வீட்டில் தினம் ஒரு சொல்லைப் பொருளோடும் வாக்கியத்தோடும் பிள்ளைகளுடன் பழகுவோம், இன்ஷா அல்லாஹ்.