மலைத்தீயும் மக்கள் கடமையும்

கோயம்புத்தூருக்கு மேற்கே வானத்தைத் தாங்கி நிற்பன போல மலைகள் நெடுந்தொடராக நிற்கின்றன. மாசி, பங்குனித் திங்கள்களில், அந்திப்பொழுது கழிந்து இருள் பரவும் வேளையில், அம்மலைச் சரிவில் சில நாட்களில் செந்நிறக் கோடு ஒன்று தோன்றும். அது வளைந்தும் நெளிந்தும் மெல்ல மேலேறும். பேரூரிலும் தொண்டாமுத்தூரிலும் வீட்டு மாடியில் நிற்கும் சிறுவர் அதனைக் கண்டு, "கார்த்திகை விளக்கு வரிசை போல இருக்கிறதே!" என்று வியப்பர். தொலைவில் நின்று காண்பார்க்கு அது விளக்கு வரிசையே. அருகில் நிற்பார்க்கோ அஃது உயிரையும் உடைமையையும் விழுங்க வரும் காட்டுத்தீ.

தீ எரிவது மலைமேல். ஆதலின் அதனைப் பற்றிய கவலையும் மலைமேல் வாழ்வார்க்கே உரியது என்று சமவெளியில் வாழ்வோர் பலர் கருதுகின்றனர். தீப்பற்றிய பின்னர் அதனை அணைப்பதே பெருஞ்செயல் என்றும் எண்ணுகின்றனர். இவ்விரு கருத்துகளும் பிழையானவை. மலைத்தீயை வெல்லும் காலம் தீப்பிடிக்கும் முன்னுள்ள காலமே. அதனை வெல்லும் கடமையும் மலைவாழ்நர்க்கு மட்டுமன்றி, மலையால் வாழ்வார் அனைவர்க்கும் உரியதாகும்.

கொங்கு நாடு மலைகளால் வாழும் நாடு. நொய்யலாறு வெள்ளியங்கிரி மலையில் பிறக்கின்றது. கோவை மக்கள் பெருமையுடன் பேசும் சிறுவாணி நீர் மேற்கு மலைக் காடுகளின் கொடையாகும். பவானிசாகர் அணையை நிரப்புவன பவானியும் மோயாறும். ஆழியாறு ஆனைமலையிலிருந்து இறங்கிப் பொள்ளாச்சி வயல்களுக்கு நீர் தருகின்றது. மலைமீதுள்ள சோலைகளும் புல்வெளிகளும் மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து, மழையற்ற திங்கள்களிலும் ஓடைகளில் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. தீப்பட்ட நிலத்திலோ மண்ணைப் பற்றிக்கொள்ள வேரும் இல்லை. மூடிக்கொள்ளத் தழையும் இல்லை. முதல் மழையிலேயே மேல்மண் கரைந்து ஓடி அணைகளில் படிகின்றது. மலையில் ஒரு நாள் எரிந்த தீயின் விலையைச் சமவெளியில் உள்ள உழவனும் ஆலைத் தொழிலாளியும் பல கோடைகளில் செலுத்த நேரிடும்.

மலைமேல் வாழ்வோர் நிலை இன்னும் கடினமானது. உதகமண்டலமும் குன்னூரும் கோத்தகிரியும் வால்பாறையும் சுற்றுலா வருவோர்க்கு இன்ப உலகங்கள். ஆனால், அங்கே ஆண்டு முழுவதும் தங்கி உழைப்போர் பல்லாயிரவர். தேயிலை பறிக்கும் பெண்கள், காய்கறி பயிரிடும் படகர், காட்டையே தாயகமாகக் கொண்ட இருளர், குறும்பர், விடுதிகளிலும் கடைகளிலும் வேலை செய்வோர், வண்டி ஓட்டுவோர் ஆகியோர்க்கு மலை என்பது காட்சி அன்று, வாழ்க்கை. புகை சூழ்ந்தால் சுற்றுலா வந்தவர் வண்டியேறிக் கீழே இறங்கிவிடலாம். தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் வீடு உடையவர் எங்கே செல்வர்? கண்ணெரிய, மார்படைக்க, மறுநாளும் அவர்கள் கூடையைச் சுமந்து தோட்டத்திற்குச் செல்லத்தான் வேண்டும். தீக்கு அஞ்சி ஓடும் யானையும் காட்டெருமையும் வந்து புகுவதும் அவர்களுடைய வழிகளிலேயே ஆகும்.

மலையில் தீ எவ்வாறு பிறக்கின்றது? மார்கழி, தைத் திங்கள்களில் நீலகிரியில் உறைபனி விழும். அப்பனியால் புல்லும் செடியும் கருகி உலரும். பின்னர் வரும் வெயில் அவற்றைச் சருகாக்கும். காடெங்கும் பரவிவிட்ட உண்ணிச்செடிப் புதர்களும், நீலகிரி மக்கள் கற்பூர மரம் என்று வழங்கும் தைல மரங்களின் எண்ணெய்ப் பசையுள்ள இலைகளும் நல்ல விறகாக அமைகின்றன. இவ்வளவும் எரிபொருளே, ஆயினும் இது தானே எரிவதில்லை. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிறக்கும் என்பது பழமையான நம்பிக்கை. உண்மையில் நம் நாட்டுக் காட்டுத்தீக்களில் பெரும்பாலானவை மனிதர் செயலால் விளைபவை. அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு, சமைத்துவிட்டு அவிக்காமல் சென்ற அடுப்பு, தோட்டத்தின் ஓரத்தில் குப்பைக்கு இட்ட நெருப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ப்பர் வைக்கும் தீ ஆகியவையே அவற்றின் மூலங்கள்.

பிறந்த தீ சமவெளியில் பரவுவது போல மலையில் பரவுவதில்லை. அனல் மேல்நோக்கிச் செல்லும் இயல்பினது. எனவே, சரிவின் கீழே எரியும் தீ, தனக்கு மேலே உள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிட்டு மேலேறுகின்றது. பகற்பொழுதில் மலைக்காற்றும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கி வீசும். சரிவு செங்குத்தாக ஆக ஆகத் தீயின் வேகமும் மிகும். தீயைக் கண்டு அஞ்சி மலைமுகட்டை நோக்கி ஓடுவோரைத் தீ எளிதில் முந்திவிடும். வெற்றுப் பாறையோ, முன்பே எரிந்து தணிந்த நிலமோதான் அவ்வேளையில் ஓரளவு புகலிடமாகும். இவ்வுண்மையை மலைவாழ்நர் அனுபவத்தால் அறிவர். சமவெளியிலிருந்து செல்வோர் கற்றாலன்றி அறியார்.

அறியாமையின் விலை எத்துணைப் பெரியது என்பதை 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலை காட்டியது. சென்னையிலிருந்து ஒரு குழுவினரும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து மற்றொரு குழுவினரும் மலையேற்றத்திற்காக அங்குச் சென்றிருந்தனர். பெரும்பாலோர் இளைஞர். கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து அவர்கள் இறங்கி வருகையில், உலர்ந்த புல்வெளியில் தீ பரவி அவர்களைச் சூழ்ந்துகொண்டது. ஓட வழி தெரியாமல் பலர் பள்ளத்தில் சிக்கினர். உள்ளூர் மக்களே முதலில் ஓடிச் சென்று, காயமுற்றவர்களைத் துணிகளில் ஏந்திச் சுமந்து வந்தனர். சூலூரிலிருந்து விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் விரைந்தன. ஆயினும், மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தனர். மாண்டவர்களைப் பழித்தல் அறமாகாது. தீக்காலத்தில் மலையேற இசைவு அளிப்பதும், மலையை அறியாதாரை அங்கு அழைத்துச் செல்வதும் எத்தகைய பிழை என்பதை உணர்வதே அவர்கட்குச் செய்யும் மரியாதை. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டில் வகுக்கப்பட்டன. 23 உயிர்கள் போன பின்னரே அவ்விதிகள் வந்தன என்பதுதான் வருந்தத்தக்கது.

கொங்கு நாட்டு மலைகளும் பின்னர்த் தீயின் கொடுமையைக் கண்டன. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கோவையின் மதுக்கரை வனச்சரகத்தில், ஆலாந்துறையை அடுத்த மலையில் தீ பல நாட்கள் எரிந்தது. ஹெலிகாப்டர் மலம்புழை அணையிலிருந்து பெரிய வாளியில் நீரை மொண்டு வந்து தீயின்மேல் ஊற்றியது. 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் குன்னூரை அடுத்த காட்டிலும் அவ்வாறே தீ மூண்டது; அங்கும் விமானப்படை வந்து 16,000 லிட்டருக்கு மேற்பட்ட நீரைத் தெளித்தது. வானிலிருந்து நீர் விழும் காட்சியை மக்கள் வியந்து நோக்கினர். வியப்புக்குரிய செயலே அது. ஆயினும், அந்நீரின் அளவைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். நகரத் தெருக்களில் ஓடும் பெரிய தண்ணீர் லாரிகள் இரண்டினை நிரப்பவும் அது போதாது. எரியும் மலையின் பரப்போ பல ஏக்கர். வானிலிருந்து வரும் உதவி இறுதிக்கட்ட உதவியே. அதனை நம்பி முதற்கட்டப் பணியைக் கைவிடுதல் பேதைமையாகும்.

அம்முதற்கட்டப் பணியைச் செய்வோர் யாவர்? வனத்துறையின் காவலரும், தீக்காலத்திற்கென அமர்த்தப்படும் தீத்தடுப்புக் காவலரும் ஆவர். இவர்களுள் பலர் மலைவாழ் மக்களே. பனிக்காலத்திலேயே இவர்கள் காட்டினூடே நீண்ட பட்டைகளாகப் புல்லையும் சருகையும் வெட்டி அகற்றுவர். அப்பட்டைகளுக்குத் தீத்தடுப்புக் கோடுகள் என்று பெயர். ஒருபுறம் எரியும் தீ, எரிபொருள் இல்லாத அக்கோட்டை அடைந்ததும் நின்றுவிடும். கோடு இல்லாத இடத்தில் தீ மூண்டால், தீயணைப்பு வண்டி சாலையின் ஓரம் வரையே செல்ல இயலும். அதற்கு அப்பால் மனிதன்தான் ஏற வேண்டும். பச்சைத் தழைகளை ஒடித்து, தீயின் விளிம்பை அடித்து அடித்து அணைத்தல் அவர்களுடைய வழக்கம். காற்றின் போக்கறிந்து எதிர்த்தீ வைத்துத் தீயைத் தீயால் தடுத்தலும் உண்டு. குடிக்கும் நீரையும் தோளில் சுமந்துகொண்டு, இரவெல்லாம் விழித்திருந்து, கரி படிந்த முகத்துடன் அவர்கள் விடியலில் இறங்கி வருவர். எரிந்த காட்டைப் பற்றி நாளிதழ்கள் எழுதுகின்றன. எரியாமல் காக்கப்பட்ட காட்டைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அதனாலேயே அதனைக் காத்தவர் பெயரும் உலகுக்குத் தெரிவதில்லை.

வருமுன் காக்காதவனுடைய வாழ்வை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அவ்வுவமை மலை நகரங்களுக்கு அப்படியே பொருந்தும். குரங்கணித் துயரம் நிகழ்ந்த அதே 2018ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாரடைஸ் என்னும் மலைநகரம் எரிந்தது. 'சொர்க்கம்' என்பது அப்பெயரின் பொருள். பழுதுற்ற மின்கம்பித் தொடர் ஒன்றிலிருந்து விடியற்காலையில் பிறந்த தீ, சில மணி நேரத்தில் நகரைச் சூழ்ந்தது. 85 பேர் இறந்தனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. மலைமுகட்டு நகரமாதலின் வெளியேறும் சாலைகள் சிலவே; அவை வண்டிகளால் அடைபட்டன. செல்வமும் கருவியும் மிக்க நாட்டிலேயே இந்நிலை. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்குச் செல்லும் மலைச்சாலைகள் இரண்டே. விடுமுறைக் காலத்தில் அவற்றில் வண்டிகள் ஊர்ந்து செல்வதைக் கண்டவர், இச்செய்தியை வேற்று நாட்டுக் கதையாகக் கருதார்.

காட்டுத்தீ இயற்கையே, புல்வெளிகளைச் சிறிதளவு எரித்தல் பண்டைய வழக்கமே என்று சிலர் கூறுவர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. காட்டின் இயல்பறிந்தோர், குளிர்ந்த பருவத்தில், சிறு நிலத்தில், காவலுடன் இட்ட தீ வேறு. கடுங்கோடையில் அறியாமையால் எறிந்த நெருப்பு வேறு. முன்னது உழவனின் கலப்பை போன்றது. பின்னது பித்தன் கை வாள் போன்றது. சுற்றுலாவைக் கட்டுப்படுத்தினால் மலைமக்கள் பிழைப்புக் கெடும் என்பாரும் உளர். கருகிய மலையைக் காண வருவார் யாவர்? சில வாரங்கள் காட்டுவழிகளை அடைத்து வைப்பது, எஞ்சிய திங்கள்களின் பிழைப்பைக் காப்பதாகும்.

ஆதலின் செய்யத்தக்கன சில உள. தீத்தடுப்புக் கோடுகளைத் தை பிறக்கும் முன்பே வெட்டி முடித்தல் வேண்டும். தீத்தடுப்புக் காவலர்க்கு உரிய கூலியை உரிய நாளில் அளித்து, தக்க காலணியும் ஆடையும் வழங்கி, அவர்தம் உயிருக்குக் காப்பீடும் செய்தல் வேண்டும். செயற்கைக்கோள் தரும் எச்சரிக்கையைக் கொண்டு இந்திய வன அளவை நிறுவனம் தீயின் இடத்தை உடனுக்குடன் அறிவிக்கின்றது. அச்செய்தி வந்து சேரும்போது மலையேற ஆயத்தமாக ஆட்கள் இல்லையெனில் அறிவியலால் பயன் யாது? மாசி முதல் சித்திரை வரை வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறும் அன்பர், தீப்பெட்டியையும் பீடியையும் அடிவாரத்திலேயே விட்டுச் செல்லுதல் வேண்டும். அதுவும் வழிபாட்டின் ஒரு பகுதியே. உல்லாசமாக மலைக்குச் செல்லும் குடும்பங்கள் சாலையோரத்தில் அடுப்பு மூட்டாதிருத்தல் வேண்டும்.

இவை பெருஞ்செல்வம் வேண்டும் செயல்கள் அல்ல. பொறுப்புணர்ச்சி ஒன்றே வேண்டுவது. ஒரு தீக்குச்சியை எறிவதற்கு ஒரு நொடி போதும். அது மூட்டிய தீயை அணைக்க நூறு மனிதர் பல நாள் பாடுபட வேண்டும். எரிந்த சோலை மீண்டும் தழைக்கவோ ஒரு மனிதனின் வாழ்நாளும் போதாது. சிறுவாணி நீரைப் பருகும் ஒவ்வொருவரும் இவ்வுண்மையை உள்ளத்தில் கொள்ளுதல் வேண்டும். அப்பொழுது, மேற்கு மலையில் செந்நிறக் கோடு தோன்றும் இரவில், மாடியில் நிற்கும் சிறுவன் அதனை விளக்கு வரிசை என்று வியவான். அங்கே தழையேந்தி நிற்கும் மனிதனை நினைப்பான். தன் வீட்டாரையும் ஊராரையும் அழைத்து, அத்தீ இனி மூளாதிருக்க வழி யாது என்று வினவுவான்.