"மதர்போட் போய்விட்டது"

மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனால், யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான் கிடைக்கிறது: "மதர்போட் போய்விட்டது, ஐயா. புதிதாக ஒன்று வாங்குவதுதான் நல்லது." பத்திரிகை அலுவலகத்தில் ஒரு தரப்பைக்கூட விசாரிக்காமல் செய்தி எழுதுபவனை நாங்கள் மேசைக்கு அண்டவிடுவதில்லை. இந்தத் தீர்ப்பை வழங்குவோரில் பலர் அந்த இயந்திரத்தின் மின்னேற்றியைக்கூட மாற்றிப் பார்ப்பதில்லை. என் கோபம் அதனாற்றான்.

நான் சொல்லும் நோய் இன்னதென்று விளக்கிவிடுகிறேன். கணினி எரிகிறது, திரை தெரிகிறது, ஆனால் தட்டிய சொல் திரையில் தோன்றுவதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம். விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தால் 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் ஓடவேண்டிய நுண்செயலி 0.39 இலோ 0.79 இலோ உறைந்து கிடக்கும். எத்தனை வேலை கொடுத்தாலும் அந்த எண் ஏறாது. விண்டோஸை அழித்து மறுபடி பதித்தாலும் ஏறாது.

அந்த எண்களுக்குக் காரணம் உண்டு. இக்கால இன்டெல் நுண்செயலிகளின் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹேர்ட்ஸ். அதை ஒரு பெருக்கெண்ணாற் பெருக்கியே வேகத்தைப் பெறுகின்றன. பெருக்கெண் 4 இல் நின்றால் 400, 8 இல் நின்றால் 800. அதை அங்கே பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் 'புறொக்ஹொட்' என்னும் சமிக்ஞை. நுண்செயலி தனக்குச் சூடு மிஞ்சிவிட்டது என்று அறிவிப்பதற்காக ஏற்பட்ட கம்பி அது. பின்னர் அதை இருவழிப் பாதையாக்கினார்கள். இப்போது பலகையிலுள்ள வேறு பாகங்களும் அதை இழுத்து நுண்செயலியை அடக்கலாம். ஆகவே உள்ளே பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருக்கும்போதும் இயந்திரம் ஆமை வேகத்தில் ஊர்கிறது.

யார் இழுக்கிறார்கள்? பல வேளைகளில் மின்னேற்றி. பலரும் அறிந்த உதாரணம் டெல். அதன் வட்டமுனை மின்னேற்றிகளின் நடுவிலுள்ள மெல்லிய ஊசி மின்சாரம் கொண்டுவருவதில்லை. தன் வாற்று அளவையும் அடையாளத்தையும் மட்டுமே சொல்கிறது. அந்த ஊசி வளைந்தாலோ, அதன் மயிரிழைக் கம்பி அறுந்தாலோ, மலிவு விலையில் வாங்கிய போலிக்கு அந்த அடையாளம் இல்லாவிட்டாலோ, கணினி "இது யாரென்று தெரியவில்லை" என்று முடிவுகட்டிப் பற்றறிக்கு மின்னேற்ற மறுக்கிறது, வேகத்தையும் குறைத்துவிடுகிறது. மின்னேற்றி அசலாகவே இருந்தாலும் ஊசி பழுதானால் இதே கதிதான்.

வலுக்குறைந்த மின்னேற்றி சூடேறித் தீப்பிடிக்காமற் காக்கவே இந்த ஏற்பாடு என்பது உற்பத்தியாளர் தரப்பு நியாயம். அதை நான் மறுக்கவில்லை. மறுப்பது மௌனத்தை. கணினி தொடங்கும்போது கறுப்புத் திரையில் ஓர் எச்சரிக்கை ஒருமுறை தோன்றுகிறது, அவ்வளவுதான். பயாஸில் அந்த எச்சரிக்கையை அணைத்துவிடவும் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அணைத்தால் அறிவிப்பு மறையும், வேகம் திரும்பாது. இதைவிட வசதியான ஏமாற்றம் வேறென்ன வேண்டும்?

பயனரிடம் சொல்லாமல் வேகத்தைக் குறைப்பது குற்றம் என்று உலகம் ஏற்கெனவே ஒருமுறை தீர்மானித்துவிட்டது. பழைய பற்றறி கொண்ட ஐபோன்களைத் தான் மெதுவாக்கியதை அப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2020 இல் பிரான்ஸ் அதற்கு 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. அமெரிக்காவில் 500 மில்லியன் டொலர் வரை கொடுக்க அந்நிறுவனம் இணங்கியது. அங்கும் சூழ்ச்சி என்பதைவிட, அறிவிக்காமற் செய்தது என்பதே பெரிய குறையாகப் பேசப்பட்டது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது; பற்றறி கிடையாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர். அந்த ஊரில் ஓர் ஊசி வளைந்ததற்காக முழுக் கணினியையும் எறியச் சொல்கிறார்கள். 2022 இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் பாய்ந்த பிறகு, ஒரு மாணவனுக்கு இன்னொரு மடிக்கணினி என்பது ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவு. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமா அனுப்பிய பழைய கணினி, மின்னேற்றியைப் பெட்டியில் வைக்க மறந்துபோய் இங்கு வந்துசேர்கிறது. உள்ளூரில் ஏதோ ஒன்றை வாங்கிச் செருகுகிறார்கள். நோய் அன்றே தொடங்குகிறது.

சோதனை ஐந்து நிமிடத்துக்குரியது. பற்றறியில் ஓரளவு மின் இருக்கும்போது மின்னேற்றியைக் கழற்றுங்கள். எண் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் மின்னேற்றியோ அதன் துவாரமோதான். பயாஸில் மின்னேற்றியின் வாற்று அளவு தெரிகிறதா, 'தெரியாதது' என்றிருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் அதே வகை அசல் மின்னேற்றி ஒன்றை இரவல் வாங்கிச் செருகுங்கள். துவாரம் பழுதென்றால் அது தனியாகக் கிடைக்கும் சிறு உதிரிப்பாகம். கழற்றியும் எண் ஏறாவிட்டால் விண்டோஸின் மின்சிக்கன அமைப்பில் உச்ச வேகம் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று நோக்குக. விசிறியில் எங்கள் செம்மண் தூசி அடைத்திருக்கிறதா என்றும் திறந்து பார்க்கவேண்டும்.

'த்ரொட்டில்ஸ்டொப்' என்னும் இலவச மென்பொருளால் அந்தச் சமிக்ஞையைப் புறக்கணிக்கச் செய்யலாம். நுண்செயலியின் சொந்தச் சூட்டுப் பாதுகாப்பு அப்போதும் இயங்கும். ஆனால் வலுக்குறைந்த மின்னேற்றியை அது காப்பாற்றாது; கையை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் செய்தபின் மதர்போட் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால் நம்புகிறேன். அதுவரை, எந்த மின்னேற்றியை மாற்றிப் பார்த்தார், அது எத்தனை வாற்று என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள்.