ஆளுநர் கையெழுத்து போடலைன்னா? 1642 லண்டனும் நம்ம திருச்சி பல்கலைக்கழகமும்

2024 ஜனவரி 2. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா. ஒரே மேடையில் பிரதமர் மோடி, ஆளுநர் ஆர்.என்.ரவி, முதல்வர் ஸ்டாலின். போட்டோவில் எல்லாம் சுமுகம்தான். ஆனால் இதுபோன்ற பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தரை நியமிப்பது யார் என்பதில் ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் அப்போதே மோதல் நடந்துகொண்டிருந்தது.

என்ன சண்டை?

மாநிலப் பல்கலைக்கழகங்களின் வேந்தர் ஆளுநர். துணைவேந்தர் நியமன அதிகாரத்தை அவரிடமிருந்து அரசுக்கு மாற்ற சட்டமன்றம் மசோதாக்களை நிறைவேற்றியது. 2023 நவம்பரில், இவை உட்பட 10 மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைத்தார். நவம்பர் 18-ல் சிறப்புக் கூட்டம் கூட்டி, பத்தையும் மறுபடி நிறைவேற்றினார்கள். ஆளுநரோ அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார்.

இதுல லண்டன் எங்கே வந்தது?

மசோதா சட்டமாக ஒருவர் கையெழுத்து போடணும் என்பதே இங்கிலாந்து மன்னர்களிடமிருந்து வந்த வழக்கம். 1642-ல் படையை யார் கட்டுப்படுத்துவது என்ற மசோதாவுக்கு மன்னர் முதலாம் சார்லஸ் ஒப்புதல் தரவில்லை. நாடாளுமன்றம், ‘நீங்க இல்லாமலே செல்லும்’ என்று அதை அவசர ஆணையாக அறிவித்தது. சில மாதங்களில் உள்நாட்டுப் போர். 1649-ல் மன்னரின் தலையே போனது. அங்கே கடைசியாக ஒப்புதல் மறுக்கப்பட்டது 1708-ல், ராணி ஆன் காலத்தில். அதற்குப் பிறகு மன்னர் கையெழுத்து வெறும் சம்பிரதாயம்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

இங்கே சண்டை நடந்தது கோர்ட்டில். 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஆளுநர் செய்தது சட்டவிரோதம், 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றது. மே 21-ல் துணைவேந்தர் நியமன மாற்றத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்த மாற்றம் யுஜிசி விதிகளோடு முரண்படுகிறது என்பது எதிர்த்தரப்பு வாதம்.

இதற்கிடையே குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது: ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, ‘கருதப்படும் ஒப்புதல்’ என்று ஒன்று கிடையாது. அதேசமயம், திருப்பி அனுப்பாமல் மசோதாவைக் கையிலேயே வைத்துக்கொள்ளவும் முடியாது. காரணமில்லாமல் நீண்ட காலம் இழுத்தடித்தால், முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

நமக்கென்ன?

‘நீண்ட காலம்’ என்றால் எத்தனை மாதம்? அதற்கு வரையறை இல்லை. துணைவேந்தர் இல்லாத பல்கலைக்கழகத்தைக் கன்வீனர் குழுதான் நடத்தும். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து பாரதிதாசனுக்குப் போகும் மாணவருக்குப் படிப்பு இரண்டு, மூன்று வருஷம்தான். சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றிய மசோதாவோ வருஷக்கணக்கில் காத்திருந்தது.

கையெழுத்துக்காக நாம் போருக்குப் போக வேண்டியதில்லை, கோர்ட் இருக்கிறது. ஆனால் ஓட்டு வாங்காதவர் கையெழுத்துக்கு ஓட்டு வாங்கியவர்கள் எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்ற 1642-ம் வருஷக் கேள்விக்கு, நம்ம சாசனத்தில் இன்னும் தேதி குறிக்கப்படவில்லை.