கவனமா இருந்தா போதுமாம்!

பி.காம் படிக்கிற பயலுக்கு மரவேலையில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். எங்கள் மாமாவுக்கு திருநெல்வேலி பக்கம் ஒரு சின்ன மரப்பட்டறை இருக்கிறது. மாமாவையும் சேர்த்து மொத்தம் நாலு பேர். லீவு விட்டால் அங்கே பில் போடுவதும் கணக்கு எழுதுவதும் அடியேன்தான். எனவே நான் பேசலாம் :-)

போன லீவில் அங்கே வேலை பார்க்கிற அண்ணன் ஒருவருக்கு ரவுட்டரில் விரல் போனது. முழு விரல் இல்லை, இடது ஆள்காட்டி விரலின் நுனி. பார்க்க வந்தவர், போனவர், டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் சொன்னது ஒரே வசனம்: "கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்." எனக்கு எரிச்சல் வந்ததே இந்த வசனத்தைக் கேட்டுத்தான்.

தெரியாதவர்களுக்காக: இது நெட் வரவைக்கிற ரவுட்டர் இல்லை. கைக்கு அடக்கமான ஒரு மோட்டார், கீழே தட்டையான ஒரு பலகை, அதன் நடுவில் பிட் என்கிற வெட்டும் கத்தி. கதவு, டிராயர் ஓரத்தை உருட்டுவது, காடி எடுப்பது, சன்மைக்கா ஓரத்தைச் சீவுவது எல்லாம் இதில்தான். சின்ன ரவுட்டரை டிரிம்மர் என்பார்கள். அதன் பிட் நிமிஷத்துக்கு சுமார் 30,000 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 500.

அந்த 500ஐ நினைவில் வையுங்கள். ஆபத்தைப் பார்த்து மனுஷன் கையை இழுக்கக் கால் நொடியாவது ஆகும். அதற்குள் பிட் நூறு சுற்றுக்கு மேல் சுற்றி முடித்திருக்கும். இந்த வேகத்தின் முன்னால் உங்கள் கவனம் என்ன கிழிக்கும்? சுவிட்சைப் போட்ட பிறகு கவனத்தால் ஆகிற காரியம் ரொம்பக் கொஞ்சம். விரல் நிற்குமா போகுமா என்பது சுவிட்சைப் போடுவதற்கு முன்னாலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

அன்று நடந்ததையே பாருங்கள். ஒரு முழம்கூட இல்லாத தேக்குத் துண்டு. அதன் ஓரத்தை உருட்ட வேண்டும். இருந்த இரண்டு கிளாம்பும் வேறொரு பலகையில், பசை காய்வதற்காக மாட்டிக் கிடந்தன. அண்ணன் துண்டை இடது கையால் அழுத்திக்கொண்டு வலது கையால் டிரிம்மரை ஓட்டினார். மறு ஓரத்துக்குப் போகத் துண்டைத் திருப்பவில்லை, இருந்த இடத்திலிருந்தே மெஷினை எதிர்ப்பக்கமாக இழுத்தார். கையில் பிடித்து ஓட்டும்போது, மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் போகிற பக்கம் சுற்றுகிறது. ஆகவே பலகையின் வெளி ஓரத்தில் மெஷினைக் கடிகார முள்ளுக்கு எதிராகக் கொண்டுபோக வேண்டும். நடுவில் ஓட்டை வெட்டி அதன் உள் ஓரத்தைச் சீவுகிறபோது அப்படியே மாற்றி. இப்படிப் போனால் மரம் பிட்டை எதிர்க்கும், மெஷின் கைக்கு அடங்கும். தலைகீழாகப் போனால் பிட் சக்கரம் மாதிரி மரத்தின் மேல் ஓடப் பார்க்கும். அன்று ஓடியது. மெஷின் துள்ளியது, துண்டு புரண்டது, விரல் உள்ளே போனது.

அண்ணன் அப்போது யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை, செல்போனும் பார்க்கவில்லை. கண்ணை எடுக்காமல் பிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போதுமா கவனம்?

சரி, முன்கூட்டிச் செய்ய வேண்டியது என்ன? பிட் மாற்றும்போது பிளக்கையே பிடுங்க வேண்டும், சுவிட்சை அணைத்தால் போதாது. பிட்டின் தண்டும் அதைப் பிடிக்கிற கோலெட்டும் ஒரே அளவா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் 6 மில்லிமீட்டர் தண்டும் வருகிறது, கால் அங்குலத் தண்டும் வருகிறது. கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் கால் அங்குலக் கோலெட்டில் 6 மில்லி பிட்டைப் போட்டு முறுக்கினால் பிடித்தது போலக் காட்டி, ஓடும்போது கழன்று இறங்கும். தண்டை அடிவரை விட்டு, இரண்டு மூன்று மில்லி மேலே இழுத்து முறுக்க வேண்டும். ஆழமான காடியை ஒரே மூச்சில் எடுக்காமல், தடவைக்கு மூன்று மில்லி போல இறக்க வேண்டும். பெரிய பிட் போட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 50 மில்லி அகலப் பிட்டை 24,000 சுற்றில் விட்டால் அதன் விளிம்பு மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் போகும். துண்டை கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். கண்ணாடி மாட்ட வேண்டும். கையுறை மட்டும் கூடவே கூடாது, சுற்றுகிற பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

வாட்சைப் பார்த்தேன். இதெல்லாம் செய்யப் பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷம் யாருடையது? இங்கேதான் என் பாடம் வருகிறது. எங்கள் காஸ்டிங் புத்தகத்தில் செட்-அப் செலவு என்று ஒன்று உண்டு. மெஷினை வேலைக்குத் தயார் செய்கிற நேரமும் உற்பத்திச் செலவு. பரீட்சையில் அதை விட்டால் மார்க் போகும். ஆனால் நான் போட்ட பில்லில் பலகை, சன்மைக்கா, பசை, கூலி மட்டும்தான் இருக்கும். கூலியும் சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான். கிளாம்ப் போடுகிற நேரத்தில் ஒரு சதுர அடியும் நகராது. ஆக, அந்தப் பத்து நிமிஷம் அண்ணனின் பாக்கெட்டிலிருந்து போகிறது. "கவனமா இரு" என்றால் "உன் செலவில் கவனமா இரு" என்று அர்த்தம்.

மாமாவிடம் சொன்னேன். "மருமகனே, இருபத்தஞ்சு வருஷம் உளியும் இழைப்புளியும் பிடிச்ச கைடே இது. ஒரு விரல் போயிருக்கா?" என்றார். போகவில்லை மாமா, சரி. உளி கையின் வேகத்தில் போகும், கை நின்றால் அதுவும் நிற்கும். ரவுட்டர் சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றும். உளியில் கற்ற கவனம் இங்கே செல்லாது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரத்தில் ஓடுகிற இடத்தில் பத்து பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்பு அதை இருபது ஆக்கிவிட்டது. நாலு பேர் பட்டறை அன்றும் வெளியே, இன்றும் வெளியே. 1923 இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையை எங்களுக்குப் பாடமாக நடத்தினார்கள். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. மனப்பாடம் செய்து எழுதினேன். அந்த அண்ணனுக்குச் சதவீதம் பார்த்துக் கொடுக்க யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரி பில்லை மாமா கட்டினார், நான் அதை "இதர செலவுகள்" என்று எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விபத்துக்கு முந்தின மாதம் மாமா வாங்க நினைத்த சாமான் பட்டியலில் "கிளாம்ப் - 4" என்று இருந்தது. இப்போது வேண்டாம், செலவு கூடுது என்று அதை அடித்தவன் நான். அந்த நாலின் விலை ஆஸ்பத்திரி பில்லில் பாதிகூட வராது. ஆக, கவனக்குறைவு யாருடையது என்று கேட்டால் நானும் கை தூக்க வேண்டும்.

இப்போது பில்லில் "செட்டிங் கூலி" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். "எவன்டே குடுப்பான்?" என்று மாமா சிரித்தார். ஒருவர் சண்டை போட்டு அடிக்க வைத்தார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறார்கள். கிளாம்பும் வாங்கியாச்சு.

உங்கள் வீட்டில் மரவேலை நடக்கும். ஆசாரி மெஷினைத் தொடாமல் பத்து நிமிஷம் கிளாம்ப் மாட்டிக்கொண்டிருப்பார். அப்போது "என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்காதீர்கள். அவர் ஆரம்பித்துவிட்டார். அதற்கும் சேர்த்துக் காசு கொடுங்கள். கொடுக்க மனசில்லை என்றால், "கவனமா இருந்திருக்கணும்" என்று பிறகு சொல்ல வராதீர்கள்.