பரணிலிருந்து இறங்கிய இசைத்தட்டுகள்

2020ஆம் ஆண்டில், 72 வயது முதியவர் ஒருவர் 22 வயது இளைஞர் ஒருவரோடு இணைந்து ஓர் ஆங்கிலப் பாடலைப் பாடி வெளியிட்டார். தந்தை பேசும் அடிகளை முதியவர் பாடினார். மகன் பேசும் அடிகளை இளைஞர் பாடினார். இதில் வியப்பு யாதெனில், இருவரும் ஒருவரே! 1970இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அரங்கொன்றில் அவர் பாடியபோது பதிவான இளங்குரலை எடுத்து, ஐம்பது ஆண்டுகள் கடந்த தம் முதிய குரலோடு அவரே சேர்த்துக்கொண்டார். நாம் யூசுஃப் இஸ்லாம் என்றும், உலகம் முன்னாளில் கேட் ஸ்டீவன்ஸ் என்றும் அறிந்திருக்கும் பாடகர் அவர்.

அவருடைய வரலாறு நம் இல்லங்களுக்குப் புதியதன்று. தமிழ் முஸ்லிம் இதழ்கள் பலமுறை எழுதிய வரலாறுதான். ஆதலால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1948இல் இலண்டனில் பிறந்தவர். தந்தை சைப்ரஸ் தீவின் கிரேக்கர். தாய் சுவீடன் நாட்டவர். பதின்ம வயதிலேயே புகழ் வந்தது. 1969இல் காசநோயும் வந்தது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த மாதங்களில்தான் வாழ்வையும் மரணத்தையும் பற்றி எண்ணத் தொடங்கினார். நோயிலிருந்து எழுந்தபின் 1970இல் வெளியிட்ட 'டீ ஃபார் தி டில்லர்மேன்' என்னும் இசைத்தட்டு உலகெங்கும் விற்றது. சில ஆண்டுகளுக்குப் பின் மாலிபு கடலில் நீந்தச் சென்று, அலையில் சிக்கி, இறைவா, காப்பாற்றினால் உனக்காக உழைப்பேன் என்று மன்றாடிக் கரை சேர்ந்தார். ஜெரூசலம் சென்று திரும்பிய அண்ணன் திருக்குர்ஆனின் மொழிபெயர்ப்பு ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். 1977 டிசம்பரில் இஸ்லாத்தைத் தழுவினார். யூசுஃப் அத்தியாயம் உள்ளத்தை ஈர்த்ததால் அப்பெயரையே சூடிக்கொண்டார். அதன்பின் மேடையைத் துறந்தார். கித்தார்களை ஏலத்தில் விற்று அறப்பணிக்கு வழங்கினார். 1983இல் இலண்டனில் இஸ்லாமியப் பள்ளி ஒன்றை நிறுவினார்.

அந்த 1970ஆம் ஆண்டின் இசைத்தட்டு எங்கள் குடும்பத்திலும் ஒன்று இருந்தது.

என் தாய்மாமா நாகூரிலிருந்து 1966இல் சிங்கப்பூர் போனவர். அப்போது அவருக்கு வயது 19. எங்கள் பகுதியில் சபராளிகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கொருவர் கடல் கடந்தவராயிருப்பார். ஆனால் மாமாவின் பயணம் அவருடைய தகப்பனாரின் மனமொப்பி நடந்ததன்று. கடைத்தெருவில் பாட்டனாருக்குத் துணிக்கடை இருந்தது. ஒரே ஆண்பிள்ளை அதில் உட்காரவேண்டுமென்று அவர் நினைத்தார். மாமா கப்பலை நினைத்தார். பயணம் சொல்லிக்கொள்ளச் சென்றபோது பாட்டனார் முஸல்லாவிலிருந்து எழவில்லையாம். இதை என் உம்மா சொல்லி அறிந்தேன். மாமா ஒருநாளும் சொன்னதில்லை. 1974இல் பாட்டனார் வஃபாத்தானார். தந்தி சிங்கப்பூரைச் சென்றடைந்த வேளையில் இங்கே அடக்கம் முடிந்திருந்தது.

1983இல் மாமா எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு எம்.வி. சிதம்பரம் கப்பலில் நாகப்பட்டினம் வந்திறங்கினார். அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. ஆழ்கடலில் நங்கூரமிட்டு, ஆட்களையும் சாமான்களையும் படகில் இறக்குவார்கள். சாமான்களோடு ஒரு ரெக்கார்டு பிளேயரும் படகில் நனையாமல் வந்தது, மாமாவின் மடியில். மூடினால் சூட்கேஸ் போலிருக்கும். பக்கத்தில் ஒரு விசை. அதில் 33, 45, 78 என்று எண்கள். எனக்கு அப்போது ஐந்து வயது.

78 என்பது பழைய அரக்குத் தட்டுகளுக்குரியது. பக்கத்திற்கு மூன்று நிமிடமே ஓடும். கை தவறினால் அப்பளமாய் நொறுங்கும். அவ்வகையில் எங்கள் வீட்டிலிருந்தவை யாவும் இசைமுரசு நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் தட்டுகளே. நாகூர்க்காரர்களுக்கு அவர் குரலைப் பற்றி நான் சொல்லவேண்டுவதில்லை. புலவர் ஆபிதீனும் நாகூர் சலீமும் எழுதித் தந்ததை அவர் பாடினால், தெருமுனையில் நிற்பவனும் ஒரு கணம் தலையில் தொப்பியைச் சரிசெய்துகொள்வான். பெருநாள் இரவுகளில் மாமியும் உம்மாவும் மாவிடிக்கும் ஓசையோடு அந்தப் பாடல்கள் என் காதில் பதிந்திருக்கின்றன. இன்றும் அவற்றுள் ஒன்றைக் கேட்டால் வறுத்த அரிசி மாவின் மணம் எனக்கு வருகிறது.

33 என்பது மாமாவின் ஆங்கிலத் தட்டுக்கு. அதன் உறையில் ஒரு படம்: செந்தாடி வைத்த ஒருவர் மரத்தடி மேசையில் தேநீரோடு அமர்ந்திருப்பார், அருகே இரண்டு குழந்தைகள் விளையாடும். அப்படத்தை வரைந்தவரும் பாடகரே என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். சிறுவனாயிருந்தபோது நான் திடமாக நம்பியது வேறு. எங்களுக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் அவர்களுக்கும் மருதாணியிட்டுச் சிவந்த தாடி. அவர்களும் தேநீர்ப் பிரியர். ஹஜ்ரத்தின் படம்தான் சிங்கப்பூரில் அச்சாகியிருக்கிறது என்று ஓதப்போன இடத்தில் நான்கு பேரிடம் சொல்லியும் வைத்தேன். அவர்களும் நம்பினார்கள்.

இஷா தொழுதுவிட்டு வந்து, எல்லோரும் படுத்தபின், மாமா அத்தட்டின் ஒரு பாடலை மட்டும் மெல்ல ஒலிக்கவிடுவார். நான் முதலில் சொன்ன அதே தந்தை மகன் பாடல். ஆங்கிலம் எனக்குத் தெரியாத வயது. எனினும் இருவர் பேசிக்கொள்கிறார்கள் என்பது குழந்தைக்கும் விளங்கும். ஒரு குரல் தாழ்ந்து பொறுமையாகச் சொல்லும், மற்றது உயர்ந்து துடிக்கும். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த நாட்களில்தான் பொருள் விளங்கிற்று. ருஷ்யப் புரட்சியைப் பற்றிய ஓர் இசை நாடகத்திற்காகக் கட்டிய பாடல் அது. புரட்சியில் சேரத் துடிக்கிறான் மகன்; அவசரப்படாதே, நிலத்தில் காலூன்றி இரு என்கிறார் உழவராகிய தந்தை. நாடகம் மேடை காணவில்லை. பாடல் மட்டும் நிலைத்தது. ருஷ்ய உழவனின் வீட்டுத் தர்க்கம் நாகூர்த் துணிக்கடைத் தர்க்கமாக மாமாவின் செவியில் விழுந்திருக்கிறது என்று நான் உணர்ந்தபோது, அப்பாடல் எங்கள் வீட்டில் நின்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நின்றது இப்படித்தான். 1986 வாக்கில், தமிழ் இஸ்லாமிய மாத இதழ் ஒன்றில் யூசுஃப் இஸ்லாமின் மனமாற்றம் வெளிவந்தது. மாமாவுக்கு அடங்காத மகிழ்ச்சி. உறைப்படத்தையும் இதழையும் கையிலேந்தி, "நம்மாளாயிட்டாரு பாருங்க" என்று பள்ளிவாசல் திண்ணைவரை போய்வந்தார். இதழை மறுபடி முழுவதும் படித்தார். பாடகர் இசையையே துறந்துவிட்டார் என்னும் பகுதியில் அவர் விரல் நின்றது. அன்றிரவு தட்டைத் துடைத்து, உறையிலிட்டு, பழைய கைலியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். பாடினவரே விட்டபின் கேட்டவன் எப்படித் தொடர்வது என்று மாமியிடம் சொன்னாராம். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. எந்த ஆலிமிடமும் அவர் கேட்கவுமில்லை.

ஆண்டுகள் ஓடின. 1995இல் யூசுஃப் இஸ்லாம் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பேச்சாகப் பதிந்து வெளியிட்டார். 2004இல் அவர் ஏறிச்சென்ற விமானத்தை வழிதிருப்பி இறக்கி, அமெரிக்கா அவரைத் திருப்பியனுப்பிய செய்தியும் நாமறிந்ததே. இடையில் அவர் மகன் வீட்டுக்குள் ஒரு கித்தாரைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். ஒருநாள் பஜ்ரு தொழுகைக்குப் பின், வீட்டார் உறங்கும் நேரத்தில், தந்தை அதைக் கையிலெடுத்துப் பார்த்தார், விரல்கள் மறக்கவில்லை. 2006இல் புதிய பாடல் தொகுப்போடு அவர் மீண்டும் வந்தார். கித்தாரை ஏன் மீண்டும் ஏந்தினேன் என்று பின்னர் ஒரு நூலும் எழுதினார்.

அச்செய்தியை மாமாவிடம் சொன்னவன் நானே. உடல் தளர்ந்து சாய்வு நாற்காலியிலேயே பொழுதைக் கழித்த காலம் அது. தட்டை இறக்கட்டுமா என்று கேட்டேன். நெடுநேரம் கழித்து, "அவரு நிறுத்துனாரு, அவரு தொடங்குறாரு மருமவனே. நான் எதுக்காக நிறுத்துனேன்னு அல்லாஹ்வுக்கும் எனக்கும்தான் தெரியும். கெடக்கட்டும்" என்றார். 2011இல் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம், சென்ற ஆண்டு அவ்வீட்டின் ஓட்டுக்கூரையைப் பிரித்ததுதான். பரணிலிருந்து கைலிப் பொட்டலமும், அரக்குத் தட்டுகள் அடுக்கிய தகரப்பெட்டியும் இறங்கின. மாமா மகள் ஆள் விட்டு என்னை அழைத்தாள். உறவினர் ஒருவர் முன்னரே தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தார்: ஹனீபா தட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், இங்கிலீஷ்காரன் தட்டை உடைத்து எறியுங்கள். மாமாவின் பேரனோ, சென்னையில் படிக்கும் பிள்ளை, அந்த ஆங்கிலத் தட்டைத்தான் கேட்டான். "நீங்க ஓதிக்கொடுக்குறவங்க மச்சான், நீங்களே சொல்லுங்க" என்றாள்.

நான் முஃப்தி அல்லன். எனினும் ஒளிக்காமல் சொல்லவேண்டியதைச் சொன்னேன். நரம்பிசையும் குழலிசையும் ஆகா என்பதே நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மையோர் கொண்ட முடிவு. நான் ஓதியதும் ஓதிக்கொடுப்பதும் அதுவே. அந்தலூஸின் இப்னு ஹஸ்ம் போன்றோர் அதற்கு மாறுபட்டதும் உண்மை. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் இஹ்யாவில் செவியேற்றலுக்கென்றே ஒரு தனிப்பகுதி எழுதி, எது ஆகும், எது ஆகாது என்று நிதானமாய்ப் பிரித்துக் காட்டுகிறார்கள். பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் பாடிய சிறுமியரை அபூபக்கர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்து விட்டுவிடச் சொன்ன நிகழ்ச்சி புகாரியில் உண்டு. இவற்றையெல்லாம் எடுத்துவைத்துவிட்டு உறவினரிடம் ஒன்று கேட்டேன். ஹனீபா தட்டில் மட்டும் ஆர்மோனியம் ஒலிக்கவில்லையா? கருவிதான் குற்றமெனில் இரண்டு பெட்டிக்கும் ஒரே சட்டமல்லவா? மொழி ஆங்கிலமென்பதற்காக ஒன்றை உடைப்பது எந்த மத்ஹபு? அவர் பதில் சொல்லாமல் தேநீர் குடித்தார். (இன்னொன்று: அந்த நெடுந்தட்டு அரக்கு அன்று, பிளாஸ்டிக் வகை. எளிதில் உடையாது, வளையும்.)

கைலியைப் பிரித்தபோது தட்டோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தது. பென்சிலில், வலமிருந்து இடமாக அரபு எழுத்து. மாமாவின் துஆ ஏடு என்று மாமா மகள் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் தந்தாள். ஓதிப் பார்த்தேன். அரபியாயில்லை. அரபுத்தமிழோ என்று பார்த்தால் தமிழாகவும் இல்லை. வாய்விட்டு இரண்டு வரி கூட்டியபின் திடுக்கிட்டேன், அது ஆங்கிலம்! ஆங்கில எழுத்து சரிவர வராத மாமா, தட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் காதால் கேட்ட சொற்களை, மக்தபில் கற்ற அரபுத்தமிழ் எழுத்திலே பிடித்து வைத்திருக்கிறார். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டி நம் முன்னோர் ஆக்கிக்கொண்ட எழுத்து அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) போன்ற பெரியார்கள் மார்க்கச் சட்டங்களையும் பைத்துகளையும் எழுதிய அவ்வெழுத்து, சிங்கப்பூர்க் கடையின் பின்னறையில் ஓர் ஆங்கிலப் பாடலையும் தாங்கியிருக்கிறது. ஆலிம் அவர்கள் கண்டிருந்தால் கடிந்திருப்பார்களா, புன்னகைத்திருப்பார்களா? புன்னகைத்துவிட்டுக் கடிந்திருப்பார்கள் என்று எனக்குப் படுகிறது.

பக்கத்தின் மேலே ஹிஜ்ரி 1394, ரஜப் என்று இருந்தது. பாட்டனார் மறைந்த மாதம். கீழே, தந்தை பாடும் அடிகள் ஒவ்வொன்றாக, அடித்துத் திருத்தி எழுதப்பட்டிருந்தன. மகன் பாடும் இடங்களில் எழுத்தில்லை. அவ்விடங்களில் இரண்டிரண்டு வரி அளவு வெறுமையாக விட்டு, மறுபடி தந்தையின் சொல் தொடங்குகிறது. உயர்ந்து ஒலிக்கும் குரலில் சொல் பிடிபடாமல் விட்டிருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம்.

தட்டைப் பேரனிடம் கொடுக்கச் சொன்னேன். தாத்தா எங்கே நிறுத்தினார் என்பதைச் சொல்லியே கொடுத்தேன். எடுப்பதும் வைப்பதும் இனி அவன் பொறுப்பு. ஹனீபா தட்டுகளில் கீறலில்லாத ஒன்பதைக் கணினியில் பதிந்து தருவதாக நாகப்பட்டினத்து நண்பர் ஒருவர் வாங்கிச் சென்றிருக்கிறார். நோட்டை மட்டும் நான் கேட்டேன். "எடுத்துக்கங்க மச்சான், ஆனா அந்தப் பக்கத்த ஒருதரம் சத்தமா ஓதிட்டுப் போங்க, வாப்பா எழுதுனது எப்படியிருக்குன்னு கேக்கணும்" என்றாள் மாமா மகள். ஓதினேன். நாகூர் வாடையடிக்கும் ஆங்கிலம். வெறுமையான இடங்கள் வந்தபோது அவ்விடத்தளவு நிறுத்தி, பிறகு ஓதினேன்.